மேடை இசை நாடகச் செய்திகளைப் படிப்பது எப்படி?

நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் நடக்கும் 'விக்கிட்' என்ற இசை நாடகம் திரைப்படமாகி 2019 டிசம்பர் 20 அன்று வெளியாகும் என்ற அறிவிப்பு 2016ஆம் ஆண்டில் வந்தபோது, அந்தத் தேதியை என் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். சொன்ன நாளில் திரையரங்குகளுக்கு வந்தது 'கேட்ஸ்' என்ற வேறொரு இசை நாடகத்தின் திரைவடிவம். 'விக்கிட்' முதல் பாகம் 2024 நவம்பர் 22 அன்றும், இரண்டாம் பாகம் 2025 நவம்பர் 21 அன்றும்தான் வெளியாயின. இடைப்பட்ட ஆண்டுகளில் ஸ்டீபன் டால்ட்ரி விலகி ஜான் எம். சூ இயக்குநரானார், ஒரு படமாகத் திட்டமிட்டது இரண்டு படங்களாயிற்று, 2023ஆம் ஆண்டின் அமெரிக்க நடிகர் சங்க வேலைநிறுத்தத்தால் படப்பிடிப்பு நின்று, பிறகு தொடர்ந்தது. அந்த முதல் அறிவிப்பை நான் ஒரு முடிவாக எடுத்துக்கொண்டேன். அது ஒரு விருப்பம் என்பதை அறியும் பயிற்சி எனக்கு அப்போது இல்லை. நியூயார்க்கிலும் லண்டனிலும் நடக்கும் நாடகங்களை இவ்வளவு தொலைவிலிருந்து ஆர்வத்தோடு பின்தொடர்கிற நம்மவர்களுக்கு அந்தப் பயிற்சி கட்டாயம் தேவை என்று கருதுவதால், நான் கற்றுக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வினைச்சொல்லைப் பாருங்கள்

ஒரு நாடகச் செய்தி கண்ணில் பட்டதும், அதில் உள்ள நட்சத்திரத்தின் பெயரைத் தாண்டி வினைச்சொல்லைத் தேடுங்கள். 'உரிமை பெறப்பட்டது' என்றால், ஒரு நாவலையோ திரைப்படத்தையோ மேடைக்குக் கொண்டுவர ஒருவர் அனுமதி வாங்கியிருக்கிறார் என்பது மட்டுமே பொருள். ஒரு வரிகூட எழுதப்படாமல் இருக்கலாம். 'உருவாகி வருகிறது' என்பது அதைவிடச் சற்றே மேலான நிலை. அடுத்து 'வாசிப்பு நடந்தது' என்று வரும். நியூயார்க்கில் இதற்கு '29 மணி நேர வாசிப்பு' என்றே பெயர் உண்டு. நடிகர் சங்க விதிப்படி, ஒத்திகையும் வாசிப்பும் சேர்த்து அவ்வளவு மணி நேரமே நடிகர்களை வைத்துக்கொள்ள முடியும். உடை, ஒப்பனை, அரங்கப் பொருள்கள் எதுவும் இருப்பதில்லை. நடிகர்கள் தாள் வைக்கும் தாங்கிகளின் முன்னால் வரிசையாக நின்று பாடுவார்கள். பக்கத்தில் ஒரு பியானோ இருக்கும். எதிரே முதலீட்டாளர்களும் அரங்க உரிமையாளர்களும் அமர்ந்திருப்பார்கள். இந்தக் கட்டத்தில் பாடிய புகழ்பெற்ற நடிகர் அரங்கேற்றத்திலும் இருப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெயர் பெற்ற பலர் இப்படி வந்து உதவிவிட்டுப் போவது அங்கே வழக்கம்.

இதற்கு அடுத்தது வெள்ளோட்டம். பிராட்வேக்கு வருவதற்கு முன் வேறொரு நகரத்தில் முழு நாடகத்தையும் கட்டணம் செலுத்தி வரும் பார்வையாளர்கள் முன் நடத்திப் பார்ப்பார்கள். முன்பு பாஸ்டன், நியூ ஹேவன், பிலடெல்பியா ஆகிய ஊர்கள் இதற்குப் பெயர் போனவை; இப்போது சிகாகோ, சான் டியேகோ போன்ற இடங்களின் பெயர் அதிகமாக அடிபடுகிறது. 'விக்கிட்' 2003 கோடையில் சான் பிரான்சிஸ்கோவின் கர்ரன் அரங்கில் வெள்ளோட்டம் கண்டது. இசையமைத்துப் பாடல்களை எழுதிய ஸ்டீபன் ஷ்வார்ட்ஸும் வசனம் எழுதிய வின்னி ஹோல்ஸ்மனும் அதன் பிறகு அதைத் திருத்தி எழுத, அக்டோபர் 30 அன்று நியூயார்க்கின் கெர்ஷ்வின் அரங்கில் அது அரங்கேறியது. ஆகவே வெள்ளோட்டத்தின் விமர்சனம் கடுமையாக இருந்தால் அந்த நாடகம் தீர்ந்தது என்று முடிவு கட்டாதீர்கள். அடுத்த அரங்கேற்றத்துக்கு எத்தனை மாத இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். இடைவெளி இருந்தால் வேலை நடக்கிறது.

இதற்கு நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டும் இருக்கிறது. ஏ. ஆர். ரஹ்மான் பங்களித்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' இசை நாடகம் 2006ஆம் ஆண்டில் டொரண்டோவில் முதலில் மேடையேறி, மிக நீளம் என்ற குறைக்கு ஆளாகி, சில மாதங்களிலேயே நிறுத்தப்பட்டது. பிறகு அதைச் சுருக்கி மாற்றி எழுதி, 2007 ஜூனில் லண்டனின் தியேட்டர் ராயல் ட்ரூரி லேனில் அரங்கேற்றினார்கள். அங்கே அது ஓராண்டுக்குச் சற்று மேல் ஓடியது. அவருடைய 'பாம்பே ட்ரீம்ஸ்' 2002ஆம் ஆண்டு லண்டனின் அப்பல்லோ விக்டோரியா அரங்கில் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஓடியது. 2004இல் பிராட்வேக்குப் போனபோது அதன் வசனம் பெருமளவு மாற்றப்பட்டது, ஆனால் 2005ஆம் ஆண்டின் முதல் நாளோடு காட்சிகள் முடிந்துவிட்டன. ஒரே நாடகம், ஒரே இசை. ஊர் மாறும்போது விதியும் மாறுகிறது. லண்டனில் வென்றது நியூயார்க்கிலும் வெல்லும் என்று எழுதும் செய்திகளை இதனால்தான் நான் நிதானமாகவே படிக்கிறேன். (அதே அப்பல்லோ விக்டோரியாவில்தான் 2006 முதல் 'விக்கிட்' நடந்துகொண்டிருக்கிறது.)

கடைசிக் கட்டத்தில் இரண்டு தேதிகள் தரப்படும். ஒன்று முன்காட்சிகள் தொடங்கும் நாள், மற்றொன்று முறையான அரங்கேற்ற நாள். முன்காட்சிக்கும் மக்கள் பணம் கொடுத்துத்தான் வருகிறார்கள். ஆனால் பகலில் காட்சிகளையும் பாடல்களையும் மாற்றி, இரவில் அவற்றை நடித்துப் பார்க்கும் காலம் அது. அரங்கேற்றத்துக்குச் சில நாள்களுக்கு முன் நாடகத்தை 'உறைய வைத்துவிட்டோம்' என்பார்கள். அதற்குப் பிறகு மாற்றம் கிடையாது. விமர்சகர்கள் அந்தக் கடைசி முன்காட்சிகளுக்கு வந்து பார்த்துவிட்டு, அரங்கேற்ற இரவில்தான் எழுத்தை வெளியிடுவார்கள். இந்த ஒழுங்கு எப்படிக் குலையும் என்பதற்கு 'ஸ்பைடர்மேன்: டர்ன் ஆஃப் தி டார்க்' போதும். 2010 நவம்பர் 28 அன்று முன்காட்சிகள் தொடங்கின. அரங்கேற்றம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்து 2011 ஜூன் 14 அன்றுதான் நடந்தது. இடையில் 182 முன்காட்சிகள். பொறுமையிழந்த விமர்சகர்கள் பலர் பிப்ரவரியிலேயே எழுதிவிட்டார்கள். மார்ச்சில் இயக்குநர் ஜூலி டேமோர் விலக நேர்ந்தது. எனவே ஒரு விமர்சனத்தைப் படிக்கும்போது, அது அரங்கேற்றத்துக்கு முன் எழுதப்பட்டதா பின் எழுதப்பட்டதா என்று தேதியைப் பாருங்கள். முன்காட்சியைப் பார்த்த ரசிகர் ஒருவர் பதிவிட்ட கருத்து, ஒருவேளை இப்போது இல்லாத ஒரு நாடகத்தைப் பற்றியதாக இருக்கலாம்.

அரங்கின் பெயர் இருக்கிறதா?

பிராட்வே என்பது தெருவின் பெயராக இருந்தாலும், தொழில் வழக்கில் அது மன்ஹாட்டனில் 500 அல்லது அதற்கு மேற்பட்ட இருக்கைகள் கொண்ட 41 அரங்குகளைக் குறிக்கிறது. 'விக்கிட்', 'தி லயன் கிங்', 'சிகாகோ' போன்ற நாடகங்கள் ஆண்டுக்கணக்கில் தத்தம் அரங்கில் நிலைத்து நிற்பதால், புதிய நாடகத்துக்குக் கிடைக்கும் இடங்கள் சொற்பம். 'அடுத்த பருவத்தில் பிராட்வேக்கு வருகிறது' என்று மட்டும் சொல்லி அரங்கின் பெயரைச் சொல்லாத செய்தி, மண்டபம் பிடிக்காமல் அச்சடித்த திருமணப் பத்திரிகை போன்றது. அரங்கு, முன்காட்சித் தேதி, நுழைவுச்சீட்டு விற்பனை தொடங்கும் நாள் ஆகிய மூன்றும் வந்தால் நம்பலாம்.

வசூல் அட்டவணையைப் படித்தல்

பிராட்வே நாடகங்களின் வசூல் விவரம் வாரந்தோறும் வெளியிடப்படுகிறது. இது எல்லோரும் பார்க்கக்கூடியது. வழக்கமாக வாரத்துக்கு 8 காட்சிகள். ஒவ்வொரு நாடகத்துக்கும் மொத்த வசூல், நிரம்பிய இருக்கைகளின் சதவீதம், சீட்டின் சராசரி விலை ஆகியவை இருக்கும். பலர் முதல் எண்ணைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அரங்கு 98 சதவீதம் நிரம்பி, சராசரி விலை மட்டும் வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டிருந்தால், தள்ளுபடியில் சீட்டு விற்று இருக்கைகளை நிரப்புகிறார்கள் என்று கொள்ளலாம்; அந்த நாடகத்தின் நிறைவுநாள் அறிவிப்பு தொலைவில் இல்லை. இருக்கைகள் கொஞ்சம் காலியாக இருந்தாலும் விலை ஏறிக்கொண்டே வந்தால், வாய்மொழிப் புகழ் வேலை செய்கிறது. 2016இல் சியோலில் முதலில் மேடையேறிய 'மேபி ஹேப்பி எண்டிங்', 2024 நவம்பரில் பெலாஸ்கோ அரங்கில் அரங்கேறியபோது மிக மெலிந்த வசூலோடுதான் தொடங்கியது. பார்த்தவர்கள் பிறரிடம் சொல்லச் சொல்ல எண்கள் மெல்ல ஏறின. பிராட்வே நாடகங்களுக்கு வழங்கப்படும் டோனி விருதுகளில், சிறந்த இசை நாடகத்துக்கானதையும் 2025 ஜூனில் அது பெற்றது. அதன் வரிசையை வாரம் வாரமாக அட்டவணையில் கவனித்தது எனக்கு அந்த ஆண்டின் பெரிய மகிழ்ச்சிகளில் ஒன்று.

திரையாக்கச் செய்திகளில் பார்க்க வேண்டியவை

திரையாக்கத்தைப் பொறுத்தவரை, யார் நடிக்கிறார்கள் என்பதற்கு முன்னால் இடைவேளை என்னவாகிறது என்று கேளுங்கள். மேடையில் 'விக்கிட்' முதல் பகுதியின் முடிவில், கறுப்பு மேலங்கி அணிந்த கதாநாயகி எல்ஃபபா மேடைத் தளத்திலிருந்து மெல்ல மேலெழுகிறாள். அங்கி அகன்று விரிந்து கீழே நிற்பவர்களை எல்லாம் மூடுவது போலத் தொங்குகிறது. அடியிலிருந்து ஒளிக்கற்றைகள் பாய்கின்றன. உச்சக் குரலில் பாட்டு முடிகிற கணத்தில் விளக்கு அணைகிறது. பார்வையாளர் எழுந்து கால் நீட்டி, கால் மணி நேரத்தில் திரும்பி வந்தால் கதை தொடர்ந்துவிடும். திரையில் அந்தக் கால் மணி நேரம் 364 நாள்களாயிற்று. மேடையில் இடைவேளை உட்பட ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரத்தில் முடியும் நாடகத்துக்கு, படத்தின் முதல் பாகம் மட்டுமே 2 மணி 40 நிமிடம். நீட்டியதால் சில காட்சிகளுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது என்பது உண்மை. ஆனால் இரண்டாம் பகுதி மேடையில் முதல் பகுதி தந்த உந்துதலில்தான் ஓடுகிறது என்பதால், அதைத் தனிப்படமாக நிற்கவைப்பது கடினம் என்பது என் கருத்து.

படத்தில் புதிய பாடல் சேர்க்கப்படுகிறது என்ற செய்திக்கும் காரணம் உண்டு. மேடையில் ஏற்கெனவே பாடப்பட்ட பாடல், அசல் பாடலுக்கான ஆஸ்கர் விருதுக்குத் தகுதி பெறாது. படத்துக்காகவே எழுதப்பட்டது மட்டுமே போட்டியிடலாம். 'விக்கிட்' இரண்டாம் பாகத்துக்கு ஷ்வார்ட்ஸ் இரண்டு புதிய பாடல்களை எழுதினார். இப்படிச் சேரும் பாடல் கதையை நகர்த்துகிறதா, விருதுக்காக நிற்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். படப்பிடிப்புத் தளத்திலேயே நேரடியாகப் பாடிப் பதிவு செய்தார்களா என்பதும் அறியத்தக்கது. 'விக்கிட்' படத்தின் நாயகியரான சிந்தியா எரிவோவும் அரியானா கிராண்டேவும் அப்படித்தான் பாடினார்கள். பி. யு. சின்னப்பா காலத்தில் நம் நடிகர்களும் ஒலிவாங்கியின் முன் சொந்தக் குரலில் பாடித்தான் நடித்தார்கள் என்பதை அறிந்த தமிழ் ரசிகருக்கு இதன் அருமையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

படம் வந்தால் நாடகத்துக்குக் கூட்டம் குறையும் என்ற அச்சம் பழையது. நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. 1975இல் தோன்றி 1996இல் மீண்டும் மேடையேறிய 'சிகாகோ', 2002ஆம் ஆண்டுப் படம் சிறந்த படம் உள்ளிட்ட 6 ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற பிறகும் மேடையில் தொடர்கிறது. முதல் 'விக்கிட்' படம் வெளியான ஆண்டின் கடைசி வாரத்தில், மேடை நாடகம் 9 காட்சிகளில் 50 லட்சம் டாலருக்கு மேல் வசூலித்தது.

பெயர்க் குழப்பத்தில் எச்சரிக்கையாக இருங்கள். 1981இல் 16 காட்சிகளோடு முடிந்துபோன 'மெரிலி வி ரோல் அலாங்' பெயரில் இப்போது மூன்று வெவ்வேறு செய்திகள் உலவுகின்றன: 2023இல் மீண்டும் மேடையேறி டோனி விருது பெற்ற நாடகம், அந்த மேடைக் காட்சியையே படம்பிடித்து 2025 டிசம்பரில் திரையரங்குகளுக்கு அனுப்பிய பதிவு, ரிச்சர்ட் லிங்க்லேட்டர் ஏறத்தாழ இருபது ஆண்டு காலம் எடுக்கத் திட்டமிட்டிருக்கும் திரைப்படம். மேடைப் பதிவு வேறு, திரையாக்கம் வேறு. 2016இல் பதிவாகி 2020 ஜூலை 3 அன்று இணையத்தில் வெளியான 'ஹாமில்டன்' முதல் வகை. நம் ஊரில் இருந்தபடியே நாடகத்தை நாடகமாகப் பார்க்க விரும்புகிறவர் இந்த வகையைத் தேட வேண்டும். லண்டனின் நேஷனல் தியேட்டர் 2009 முதல் தன் நாடகங்களைத் திரையரங்குகளுக்கு ஒளிபரப்பி வருகிறது.

குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நாடகத்தின் பெயர், செய்தியின் வினைச்சொல், அரங்கு, முன்காட்சித் தேதி, அரங்கேற்றத் தேதி என ஐந்து பத்திகள் போதும். தேதிகளைப் பென்சிலால் எழுதுங்கள். டோனி விருதுக்கான தகுதிக் காலம் பெரும்பாலும் ஏப்ரல் இறுதியில் முடிவதால், மார்ச், ஏப்ரல் மாதங்களில் அரங்கேற்றங்கள் நெருக்கியடித்து வரும். மே மாதத்தில் பரிந்துரைகள், ஜூனில் விருது விழா. அதை ஒட்டியும், பண்டிகைக் கூட்டம் வடியும் ஜனவரியிலும் நிறைவுநாள் அறிவிப்புகள் வரிசையாக வரும். விருது விழா நியூயார்க்கில் ஞாயிறு இரவு 8 மணிக்குத் தொடங்கினால், நமக்கு அது திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தரை மணி.