பிரசவத்துக்கு இரண்டு பை: லயத்திலிருந்து புறப்படும் பிள்ளைத்தாய்ச்சிக்கு

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்திலிருந்துதான், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்துதான், என் இரண்டு பிரசவத்துக்கும் புறப்பட்டேன். முதல் பிள்ளைக்கு இரவு இரண்டு மணி, அடைமழை. துண்டு, சவர்க்காரம், பிளாஸ்க் என்று அம்மா ஒரு பெரிய பை நிறையக் கட்டி வைத்திருந்தார். கிளினிக் கார்ட் மட்டும் அலுமாரிக்குள்ளேயே கிடந்தது. முதலில் போன சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரத்த வகை என்ன, பிரஷர் எவ்வளவு, ஸ்கேனில் என்ன சொன்னார்கள் என்று இரண்டு இடத்திலும் கேட்டார்கள். வலிக்கு நடுவே எனக்கு எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

அதனால் இரண்டு பை கட்டுங்கள். 34 வாரம் ஆனதுமே கட்டிவிடுங்கள். மழைக் காலத்தில் மண் சரிந்து ரோடு அடைபடுகிற ஊர் நம்முடையது, கடைசி நேரத்துக்கு வைக்கக் கூடாது.

சின்னப் பை உங்கள் தோளிலேயே இருக்க வேண்டும். கிளினிக் கார்ட், ஸ்கேன், இரத்தப் பரிசோதனை அறிக்கைகள், அடையாள அட்டை, கல்யாணச் சான்றிதழின் கொப்பி, போன் சார்ஜர், கொஞ்சம் சில்லறை நோட்டு. கடதாசி எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றுங்கள், லயத்திலிருந்து ரோட்டுக்கு வருவதற்குள் நனைந்துவிடும். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், நம்பர் 1990. தோட்டத்தின் பெயரோடு டிவிஷன் (தோட்டத்தின் பிரிவு) பெயரையும், ரோட்டில் எந்த இடத்தில் நிற்பீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். போன் பேசப்போவது பதறிப்போன வீட்டுக்காரர்தான்.

அதே தாளில் நாலு சிங்கள வார்த்தையும் எழுதிக்கொள்ளுங்கள். நம் பெண்கள் பலர் லேபர் ரூமில் வாய் திறக்காமல் வலியைத் தாங்குகிறார்கள், எனக்கு அதுதான் பெரிய கவலை. ‘ரிதெனவா’ என்றால் வலிக்கிறது. ‘வத்துர யனவா’, தண்ணீர் போகிறது. ‘லே யனவா’, இரத்தம் போகிறது. ‘ளமயா ஹெல்லென்னே நே’, பிள்ளை அசையவில்லை. இந்தக் கடைசி மூன்றில் எது நடந்தாலும் வலி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே புறப்பட வேண்டும்.

பெரிய பையை ஆள் பின்னால் கொண்டுவந்தாலும் பரவாயில்லை. முன்பக்கம் பட்டன் வைத்த ஹவுஸ்கோட் மூன்று, உள்ளாடை, பெரிய பேட் இரண்டு பெட்டி, இரப்பர் செருப்பு, கோப்பை, தட்டு, சுடுதண்ணீர் பிளாஸ்க். ஒரு நல்ல கம்பளி. தை, மாசியில் நுவரெலியாவில் இரவு 10 பாகைக்கும் கீழே இறங்கும். நகையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், நகப்பூச்சையும் அழித்துவிடுங்கள்.

பிள்ளையின் துணியில்தான் கவனம் வேண்டும். பிறந்த பிள்ளைக்கு உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கும், அதுவும் தலை வழியாக நிறையப் போகும். தொப்பி மூன்று, காலுறை, கை மூடும் சட்டை, துடைக்கவும் சுற்றவும் மெத்தென்ற பழைய பருத்திச் சேலையில் கிழித்த துணி. கடையில் வாங்கிய புதுத் துணியாக இருந்தாலும் ஒரு முறை துவைத்துத்தான் வைக்க வேண்டும். நம் பக்கம் வைகாசியிலிருந்து மழை பிடித்தால் துணி காய மூன்று நாள் ஆகும். அடுப்படிக் கொடியில் போட்டால் புகை வாசம் ஏறிவிடும், அது பிள்ளைக்கு ஆகாது. எனவே ஊரில் சொல்கிற கணக்குக்கு இரண்டு மடங்கு துணியை, வெயில் கண்ட நாளிலேயே துவைத்துக் காயவைத்துக் கட்டிவிடுங்கள். நான் 20 துண்டுத் துணி வைத்தேன், எல்லாமே தேவைப்பட்டது.

பால்மா டின், சூப்பிப் போத்தல், கண்மை எதையும் வைக்காதீர்கள். நாக்கில் சீனித்தண்ணீர் தொட்டு வைக்க ஆச்சி ஆசைப்படுவார். அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும்தான். முதல் நாள் வரும் மஞ்சள் பாலைப் பீய்ச்சிக் கொட்டவும் விடாதீர்கள்.

அப்புறம், பிள்ளைக்கு நினைத்திருக்கும் பெயர்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துப் பிசகாமல் எழுதிச் சின்னப் பையில் வையுங்கள். பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும், அவசரத்தில் யாரோ எழுதிக் கொடுத்தால் பிழை வரும். என் அப்பாவின் பெயர் என் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அவருடைய அடையாள அட்டையில் வேறு விதம். அதைத் திருத்த அவர் எத்தனையோ நாள் பேரை, அதாவது நாள் கூலியை, விட்டுவிட்டு டவுனுக்கு அலைந்தார். என் இரண்டு பிள்ளைகளின் பெயரையும் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.