உங்கள் தெருவில் பெய்யும் மழையை நீங்களே அளப்பது எப்படி?

சென்னையில் எவ்வளவு மழை பெய்தது என்று கேட்டால், பெரும்பாலும் நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தின் அளவையே பதிலாகச் சொல்கிறோம். ஆனால் 2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் அங்கே 29 செ.மீ. பதிவானபோது, தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவாகியிருந்தது. மும்பையில் 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 944 மி.மீ. கொட்டியது; நகரின் தென்முனையிலுள்ள கொலாபாவில் அது 80 மி.மீ. அளவைக்கூடத் தொடவில்லை. ஆகவே உங்கள் தெருவுக்கான கணக்கை உங்கள் தெருவில்தான் எடுக்க வேண்டும்.

அடிமுதல் வாய்வரை ஒரே அகலமுள்ள, ஓரடி உயரமாவது கொண்ட கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரம் இதற்குப் போதும். வாய் விரிந்த வாளி உதவாது. அதில் நிற்கும் நீரின் உயரம் பெய்த மழையைவிடக் கூடுதலாகக் காட்டும். மில்லிமீட்டர் அளவுகோலின் சுழியம் பாத்திரத்தின் உள்தளத்தோடு பொருந்துமாறு வெளிப்புறம் ஒட்டுங்கள். சுவர், தண்ணீர்த் தொட்டி, மரம் ஆகியவை பாத்திரத்தின் வாயைவிட எவ்வளவு உயர்ந்திருக்கின்றனவோ, அதைப்போல் இரு மடங்கு தூரமாவது தள்ளி, மொட்டை மாடியில் காற்றில் சாயாதபடி செங்கற்களை அணைகொடுத்து வையுங்கள்.

நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவைக் குறியுங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழைநாள் அந்நேரத்தில்தான் முடிகிறது என்பதால், உங்கள் எண்ணை அதன் எண்ணோடு ஒப்பிட முடியும். ஒரு நாளில் 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.5 முதல் அதி கனமழை என்பது அத்துறையின் வகைப்பாடு.

எனினும் நாள் கணக்கு மட்டும் போதாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பகல் முழுவதும் பரவிப் பெய்யும் 10 செ.மீ. மழையைத் தாங்கும் வடிகால், அதே 10 செ.மீ. இரண்டு மணி நேரத்தில் கொட்டினால் திணறிவிடும். வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். குறுகிய நேரப் பெருமழைகள் வலுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எனவே மழை வலுக்கும்போது 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் குறித்து, இடைப்பட்ட உயர்வை நான்கால் பெருக்குங்கள்: 20 மி.மீ. உயர்ந்திருந்தால், மழையின் வேகம் மணிக்கு 80 மி.மீ. இடி மின்னல் இருக்கும்போது மாடிக்குச் செல்லவே கூடாது. அன்று மொத்த அளவு மட்டும் போதும்.

தெருவில் நீர் தேங்கத் தொடங்கிய நேரம், அதன் ஆழம், வடிந்த நேரம் ஆகியவற்றையும், கடலோரப் பகுதியானால் ஓதம் (கடல்நீர் ஏற்றம்) உயர்ந்திருந்ததா என்பதையும் அருகிலேயே எழுதுங்கள். இரண்டு பருவங்கள் கடந்தால், எந்த வேகத்துக்கு மேல் உங்கள் தெரு மூழ்குகிறது என்பது தெரிந்துவிடும். அந்த எண்ணோடு வட்டார அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். வெறும் புகாரைவிட அதற்கு வலு அதிகம். பருவநிலை மாறிவிட்டதா என்பதை மட்டும் இந்தக் குறிப்பேட்டைக் கொண்டு முடிவுசெய்யாதீர்கள். அதற்கு 30 ஆண்டுப் பதிவாவது வேண்டும்.

மழையில்லாத நாளிலும் 0 என்று எழுதுங்கள். இடத்தை வெறுமையாக விட்டால், அன்று மழை பெய்யவில்லையா, அளக்க மறந்தோமா என்பது பின்னாளில் தெரியாமல் போய்விடும்.