மாமரத்தடியில் அன்னாசி: முதல் முறை நடுபவர்களுக்கு

மாமரம் நிழல் கட்டிய இடத்தில் கத்தரி, தக்காளி எல்லாம் தேறாது. அன்னாசி தேறும். அதைவிட முக்கியமான காரணம் தண்ணீர்தான். மா நன்றாகப் பூக்க வேண்டுமென்றால் பூப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதம் மரத்தைக் காயவிட வேண்டும். அந்த நேரத்தில் அடியில் இருக்கும் செடிக்காகத் தினமும் தண்ணீர் விட்டால் மரம் பூவுக்குப் பதிலாகத் தளிராகத் தள்ளிக்கொண்டிருக்கும். அன்னாசி அந்த வறட்சியைத் தாங்கிக்கொள்ளும்.

முதலில் இடம். அடிமரத்திலிருந்து ஐந்தடி தள்ளி, கிளைகளின் ஓரத்தில், வெயில் திட்டுத்திட்டாக விழும் இடமாகப் பாருங்கள். கும்மிருட்டு நிழலில் இலைதான் நீளும், பழம் சிறுத்துவிடும்.

அடுத்து கன்று. தாய்ச்செடியின் பக்கத்தில் முளைக்கும் பக்கக்கன்று கிடைத்தால் அதையே வாங்குங்கள், 15 முதல் 18 மாதத்தில் பழம் பார்க்கலாம். பழத்தின் தலையில் இருக்கும் இலைக்கொத்தான கொண்டை என்றால் ஏறக்குறைய இரண்டு வருடம். கியூ ரகத்தில் இலை நுனியில் மட்டும்தான் முள் இருக்கும், குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்கு அது நல்லது. கடைப் பழத்தின் கொண்டையைத் திருகி எடுத்து, ஒட்டியிருக்கும் சதையைச் சுத்தமாக நீக்கி, கீழ் இலைகளை ஓர் அங்குல உயரத்துக்கு உரித்தால் தண்டைச் சுற்றிப் பழுப்பாகப் பொட்டுப் பொட்டாக வேர் முளைகள் தெரியும். அப்படியே நிழலில் நான்கைந்து நாள் கிடக்கட்டும், வெட்டுவாய் காயாமல் நட்டால் அழுகிவிடும்.

நடும்போது மண்வெட்டி வேண்டவே வேண்டாம், மாவின் சல்லிவேர்கள் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. களைக்கொத்தால் நான்கு அங்குலம் கிளறி, தொழுவுரம் கலந்து, இரண்டடிக்கு ஒன்றாக நட்டு அழுத்துங்கள். குருத்துக்குள் மண் விழக் கூடாது. களிமண்ணாக இருந்தால் மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். மாங்காய் பறிக்கப் போய்வர ஒரு பக்கம் வழி விடுங்கள்.

அப்புறம் பெரிய வேலை இல்லை. மண் காயாமலிருக்க மாஞ்சருகையே மேலே மூடாக்காகப் போடுங்கள், கோடையில் வாரம் ஒரு தண்ணீர். மாதம் ஒருமுறை லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா (பசுஞ்சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்த கரைசல்) கலந்து இலைமேல் தெளிக்கலாம்.

நடுக்குருத்து சிவந்தால் பூ வருகிறது என்று அர்த்தம். அதிலிருந்து ஐந்தாறு மாதத்தில் பழத்தின் அடிக்கண்கள் மஞ்சளாகும், அப்போது அறுங்கள், இல்லையென்றால் அணில் முந்திக்கொள்ளும். தாய்ச்செடி ஒருமுறைதான் காய்க்கும் என்பதால் அதன் பக்கக்கன்றில் திடமான ஒன்றை மட்டும் அங்கேயே விட்டு, மற்றவற்றைப் பிரித்து அடுத்த வரிசையில் நடுங்கள்.