ராட்சதச் சிப்பிக் குஞ்சுகளைக் கடலில் வளர்ப்பது எப்படி?

ராட்சதச் சிப்பிக்குத் தீனி போட வேண்டியதில்லை. அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெயிலை வைத்து உணவு தயாரித்துக் கொடுக்கும். மீதியைச் சிப்பியே கடல்நீரை வடிகட்டி எடுத்துக்கொள்ளும். நமக்கு மிஞ்சுவது காவல் வேலை.

படி 1: அனுமதி
இந்தச் சிப்பி இனங்கள் எல்லாமே சைட்டிஸ் எனும், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடு விட்டு நாடு விற்க முடியாது. உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பார்த்துவிட்டு, பொரிப்பகத்தில் வளர்ந்த குஞ்சுகளை மட்டும் வாங்குங்கள்.

படி 2: இடம்
பவளத்திட்டை ஒட்டி, அடித்தரை தெரியும் அளவுக்குத் தெளிந்த, ஆழமில்லாத நீர் வேண்டும். கடல் வற்றும்போதும் கூண்டு முழுகியிருக்க வேண்டும். ஆற்று முகத்துவாரம் பக்கம் போகவே வேண்டாம். ஒரு பெருமழையில் வரும் நன்னீரும் சேறும் போதும், எல்லாம் போய்விடும்.

படி 3: கூண்டு
மூடியோடு கூடிய வலைக்கூண்டு, உள்ளே சரளை பரப்பிய தட்டு. கூண்டைத் தரையில் வைக்காமல் கால் கொடுத்து உயர்த்துங்கள். காரணம் படி 5-இல்.

படி 4: குஞ்சு விடுதல்
2 முதல் 3 செ.மீ. நீளக் குஞ்சுகள் தோதானவை. ஈரத்துணி சுற்றி, நிழலிலேயே கொண்டுபோங்கள். ஓடு திறக்கும் பக்கம் மேலே பார்க்க, இடைவெளி விட்டு அடுக்குங்கள். அப்புறம் அவை அடியிலிருந்து இழை விட்டுச் சரளையைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததைப் பிய்த்து இழுத்தால் உள்சதை கிழியும். இழையைக் கத்தியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

படி 5: காவல்
நண்டு, ஆக்டோபஸ், கிளாத்தி மீன் எல்லாவற்றையும் வலை தடுத்துவிடும். சைமேட்டியம் இனச் சங்கைத் தடுக்காது. அது மிகச் சிறிய இளம்பருவத்தில் நீரோடு மிதந்து வந்து கூண்டுக்குள்ளேயே வளரும். தரையில் ஊர்ந்து வருபவையும் உண்டு. கூண்டுக்குக் கால் கொடுப்பது அதற்காகத்தான். இந்தச் சங்கு சிப்பியின் அடியில் பதுங்கி, இழை வெளிவரும் திறப்பு வழியாக நுழைந்து சதையைத் தின்னும். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

அதனால் வாரம் ஒருமுறையாவது கூண்டைத் திறந்து, குஞ்சுகளின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். வாய் பிளந்து செத்த சிப்பி கண்ணில் பட்டால் ஓட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். உள்ளே சங்கு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள், பக்கத்துச் சிப்பிகளையும் பாருங்கள். கையோடு வலையில் படிந்த பாசியைத் தூரிகையால் தேய்த்துவிடுங்கள். வெயில் உள்ளே வர வேண்டுமே.

உங்கள் கை நிழல் விழுந்ததும் சட்டென்று ஓட்டை மூடினால் குஞ்சு நலம். சதை வெளுத்திருந்தால் நுண்பாசியை இழந்துகொண்டிருக்கிறது. நீர் சூடேறியிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 6: கூண்டு மாற்றுதல்
ஓடுகள் ஒன்றோடொன்று உரசத் தொடங்கினால் பாதியை வேறு கூண்டுக்கு மாற்றுங்கள். பெரிய இனங்களை 20 செ.மீ. தாண்டும்வரை வெளியே விட அவசரப்படாதீர்கள்.