பலகையில் உள்ள பட்டங்கள் போதாது, பதிவு எண்ணைக் கேளுங்கள்

பாளையங்கோட்டையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே அந்தப் பலகை தொங்கியது. மனநல ஆலோசனை, ஹிப்னாடிசம், ஞாபகசக்திப் பயிற்சி, குடி மறக்க வழி என எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். பெயருக்கு முன்னால் 'டாக்டர்', பின்னால் ஏழெட்டு எழுத்துகள். பரீட்சை பயத்தில் அறையைவிட்டு வெளியே வராமல் கிடந்த அக்கா மகனை அழைத்துக்கொண்டு, அந்த எழுத்துகளை நம்பிப் படியேறினோம். மூன்று முறை பணம் கட்டிய பிறகுதான் அவற்றில் ஒன்றுகூட மருத்துவ உளவியல் படிப்பு இல்லை என்று தெரிந்தது. அவரிடம் நாங்கள் எதையும் கேட்டிருக்கவில்லை.

யார் யார் என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலம் படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் உளவியலில் முதுகலை முடித்து, மருத்துவமனைப் பயிற்சியோடு இரண்டாண்டு எம்.ஃபில். படித்தவர் என்பதே இதுவரையிலான வழக்கம். சோதனைகள் செய்வார், சிகிச்சை தருவார், மாத்திரை எழுத மாட்டார். எழுதினால் எழுந்து வந்துவிடுங்கள். 'கவுன்சலர்' என்ற சொல்லுக்கு நடைமுறையில் காவல் இல்லை, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பெயரில் அருமையாக வேலை செய்பவர்களும் உண்டு, வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவர்களும் உண்டு. 'டாக்டர்' பட்டமும் அப்படித்தான். அது வணிகவியலில் வாங்கிய முனைவர் பட்டமாகவும் இருக்கலாம்.

மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவர் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவேட்டில் இருக்க வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டம் அமைத்த பதிவேடு அது. பலர் இங்கே பாதியில் ஏமாறுகிறார்கள். "ஆர்.சி.ஐ. பதிவு இருக்கிறது" என்றதும் திருப்தியடைந்துவிடுகிறார்கள். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர், பேச்சுக் குறைபாட்டுக்குப் பயிற்சி தருபவர் எனப் பல துறையினருக்கும் அதே பதிவேடுதான். ஆகவே எண்ணை வாங்கி, கவுன்சிலின் இணையதளத்தில் தேடி, எந்தத் தொழிலின் கீழ் பெயர் இருக்கிறது, பதிவு காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை. கேட்கக் கூச்சமாக இருந்தால் முன்பதிவு செய்யும்போதே போனில் கேட்டுவிடலாம். முறையாகப் படித்தவர் தயங்காமல் சொல்வார். "என்னையே சந்தேகப்படுகிறீர்களா?" என்று முகம் சுளிப்பவரைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அரசு மருத்துவமனையை எண்ணிப் பார்க்காமலேயே ஒதுக்குவது இன்னொரு தவறு. நெல்லையில் ஹைகிரவுண்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், உண்மைதான். ஆனால் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக அறிவுத்திறன் சோதனை தேவைப்படுகிறதென்றால், எந்த அறிக்கையை ஏற்பார்கள் என்று அங்கே முதலில் விசாரித்துவிட்டுத் தனியாரிடம் செலவழியுங்கள்.

எங்கள் ஊர் அளவிலான நகரங்களுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு: யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயம். அதற்காக மதுரைக்கு வாராவாரம் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போக முடிவெடுப்பவர்கள், பெரும்பாலும் நான்காவது வாரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். சோதனைகளை நேரில் முடித்துக்கொண்டு, அதன்பின் காணொளியில் பேசலாமா என்று கேட்டுப் பாருங்கள். இதற்கு நேரெதிராக, 'நமக்குத் தெரிந்தவர்தானே' என்று மதினியின் கல்லூரித் தோழியிடம் போவதும் வேண்டாம். அடுத்த கல்யாண வீட்டுப் பந்தியில் அவர் எதிரே உட்கார்ந்திருப்பார். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் ரகசியம் காக்கச் சொல்கிறதுதான். ஆனால் எதிரே தெரிந்தவர் இருந்தால் நாமே பாதியை விழுங்கிவிடுவோம்.

பத்து அமர்வுக்கு முன்பணம், நூறு சதவீத குணம் என்றெல்லாம் பேசுபவர்களிடம் அடுத்த கேள்வியே தேவையில்லை.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பவரை வைத்துக்கொண்டு பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருக்காதீர்கள். தனியே விடாமல் நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். தொலைபேசியில் மனநல உதவி தரும் அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது, அதன் எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும், தமிழிலும், கட்டணமின்றிப் பேசலாம்.