பழைய எஸ்யூவியில் ஃப்யூவல் பம்ப்பும் டேங்க் யூனிட்டும் மாற்றுவது எப்படி?

ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கிறது, மேடு ஏறும்போது வண்டி திணறுகிறது, பெட்ரோல் நிரப்பினாலும் முள் அசையவில்லை. பழைய பெட்ரோல் எஸ்யூவியில் இதெல்லாம் சேர்ந்து வந்தால், சந்தேகம் டேங்குக்குள் இருக்கும் பம்ப் மேல்தான் விழும். பெரும்பாலான வண்டிகளில் பம்ப்பும், பெட்ரோல் மட்டத்தைக் காட்டும் டேங்க் யூனிட்டும் ஒரே கூட்டில்தான் இருக்கும்.

முதலில், பம்ப்தான் கோளாறா?

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் பின்பக்கம் இரண்டு மூன்று விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். கேட்கவில்லையா? உடனே பம்ப் வாங்கப் போகாதீர்கள். ஃப்யூஸையும், பம்ப்புக்குக் கரண்ட் விடும் ரிலேயையும் பாருங்கள். அப்புறம், கனெக்டரைக் கழற்றாமல், பின்பக்கமாக மல்டிமீட்டர் முனைகளைச் செருகி, ஒருவரை சாவி போடச் சொல்லுங்கள். பம்ப்பின் இரண்டு ஒயர்களுக்கும் நடுவே பேட்டரி வோல்டேஜுக்குப் பக்கத்தில் காட்டியும் பம்ப் ஓடவில்லை என்றால், பம்ப் போய்விட்டது. குறைவாகக் காட்டினால் கோளாறு ஒயரிங்கில். பழைய வண்டிகளில் துருப்பிடித்த எர்த் ஒயர்தான் அடிக்கடி மாட்டும். பம்ப் ஓடுகிறது, வண்டி மட்டும் திணறுகிறது என்றால் பிரஷர் கேஜ் போட்டு மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள்.

பாதுகாப்பு

இதில் மட்டும் சமரசமே வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து தள்ளியிருக்கும் நெருப்பையும் எட்டிவிடும். திறந்தவெளியில், என்ஜின் ஆறிய பிறகு செய்யுங்கள். பெட்ரோல் தீயை அணைக்கும் எக்ஸ்டிங்குவிஷர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வெளிச்சத்துக்குச் சூடாகும் பல்பு வேண்டாம், எல்இடி டார்ச் போதும்.

கழற்றுவது

1. பம்ப் ரிலேயைப் பிடுங்கிவிட்டு என்ஜினை ஓட விடுங்கள். லைனில் இருக்கும் பிரஷர் தீர்ந்து தானாக நின்றுவிடும். ஸ்டார்ட்டே ஆகாத வண்டியிலும் பிரஷர் மிச்சமிருக்கலாம், அதனால் ஹோஸைத் துணி சுற்றித்தான் கழற்ற வேண்டும். அடுத்து பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள்.

2. பின்சீட்டுக்கு அடியிலோ டிக்கியிலோ பம்ப்பை எட்டுவதற்கான ஒரு மூடி இருந்தால் பாதி வேலை மிச்சம். இல்லையென்றால் டேங்கை இறக்க வேண்டும். 40 லிட்டர் பெட்ரோலே ஏறக்குறைய 30 கிலோ, அதனால் காலி செய்துவிட்டு, ஜாக்கில் பலகை வைத்துத் தாங்கி மெதுவாக இறக்குங்கள். வண்டி ஜாக் ஸ்டாண்டில் நிற்கட்டும், வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகக் கூடாது.

3. பம்ப்பைச் சுற்றியுள்ள மண்ணைத் துப்புரவாகத் துடைத்த பிறகே திறக்க வேண்டும், உள்ளே விழும் தூசி நேராகப் புது பம்ப்புக்குத்தான் போகும். கூட்டை டேங்கோடு பிடித்திருக்கும் லாக் ரிங்கைத் தட்டிக் கழற்ற பித்தளைத் துண்டு வையுங்கள். இரும்பை இரும்பால் அடித்தால் பொறி பறக்கும்.

4. கூட்டை நேராக இழுக்காமல் சாய்த்துத் தூக்குங்கள், பெட்ரோலில் மிதக்கும் ஃப்ளோட்டின் கம்பி வளையாது. டேங்கின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். துரு, கசடு இருந்தால் சுத்தம் செய்யாமல் புது பம்ப்பை இறக்காதீர்கள்.

மாட்டுவது

புது டேங்க் யூனிட்டை வெளியிலேயே சோதித்துவிடுங்கள். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ஃப்ளோட்டைக் கீழிருந்து மேலே மெதுவாக நகர்த்தினால் எண் சீராக ஏறவோ இறங்கவோ வேண்டும். நடுவில் குதித்தால் முள்ளும் அதே இடத்தில் குதிக்கும். இதற்காக மறுபடி டேங்கைத் திறப்பது பெரிய பாடு.

கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான பழைய ஓ-ரிங்கைத் திரும்பப் போடாதீர்கள், ஊறி அகன்றிருக்கும். பம்ப்பின் அடியில் வரும் வலை ஃபில்டரும் புதிதாகவே இருக்கட்டும். பழைய கூட்டு எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் இறக்கி, ஃப்ளோட் எதிலும் இடிக்காமல் ஆடுகிறதா என்று பார்த்து, லாக் ரிங்கை முடுக்குங்கள். ஹோஸ்கள் 'க்ளிக்' என்று உட்கார்ந்ததும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

டேங்கில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, பேட்டரியை மாட்டி, ஸ்டார்ட் செய்யாமல் மூன்று நான்கு முறை சாவியை ஆன், ஆஃப் செய்யுங்கள், லைன் நிறையும். கசிவு இல்லையென்றால் ஸ்டார்ட் செய்யலாம். ஓ-ரிங் கசிவு மட்டும் டேங்க் குறைவாக இருக்கும்போது தெரியாது. அடுத்த முறை முழுதாக நிரப்பியதும் அந்த விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், ஈரம் இருக்கக் கூடாது.