சுண்டைக்காய் கால் பணம், ரோல் கூலி முக்கால் பணம்

அமெரிக்காவில் ஒரு பொழுதுபோக்கு உண்டு. வங்கியில் காசு ரோல், அதாவது எண்ணிக் காகிதத்தில் சுற்றிய காசு, வாங்கி வந்து பிரித்து, வெள்ளிக் காசையும் பழைய காசையும் பொறுக்கிக்கொண்டு, மீதியைத் திரும்பப் போட்டுவிடுவது. காயின் ரோல் ஹன்டிங் என்பார்கள். இதன் அழகே தோற்றாலும் நஷ்டமில்லை என்பதுதான். பத்து டாலர் கொடுத்தால் பத்து டாலருக்குக் காசு வரும். ஒன்றும் அகப்படாவிட்டால் அதே பத்து டாலர் திரும்பக் கைக்கு வரும். லாட்டரியில்கூட இந்த வசதி கிடையாது.

வங்கி ரோலுக்குக் கட்டணம் போட ஆரம்பிக்கும் நாளோடு இந்தக் கணக்கு உடைகிறது. அது உடைந்ததை நம்மில் பலர் மாதக் கடைசியில்தான் பார்க்கிறோம். நான் அப்படித்தான் பார்த்தேன்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வங்கியில் புதிதாகக் கணக்குத் தொடங்கிய உற்சாகத்தில் நான்கு பென்னிப் பெட்டி ஆர்டர் செய்தேன். பென்னி என்பது ஒரு சென்ட் காசு. ஒரு பெட்டிக்கு 50 ரோல், ஒரு ரோலுக்கு 50 பென்னி. ஆக 2,500 காசு, 25 டாலர். நான்குக்கும் சேர்த்து 100 டாலர். கவுண்டரில் இருந்த ஊழியர், அதாவது டெல்லர், கட்டணம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஸ்டேட்மென்ட் வந்தபோது 20 டாலர் பிடித்திருந்தார்கள். ரோலுக்குப் பத்து சென்ட் வீதம் 200 ரோல். அதற்குள் மூன்று பெட்டியை அலசி முடித்திருந்தேன். கிடைத்தது 27 கோதுமைப் பென்னி, அதாவது 1909 முதல் 1958 வரை பின்பக்கம் கோதுமைக் கதிரோடு வந்தவை. மூன்று பெட்டியின் கட்டணம் 15 டாலர். ஒரு காசுக்கு 55 சென்ட் கூலி! சாதாரண வருடத்துக் கோதுமைப் பென்னியை நாணயக் கடைக்காரர் சில சென்ட்டுக்குத்தான் எடுப்பார்.

"பத்து சென்ட்தானே" என்பது

எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான். பல வங்கிகளில் கட்டணம் ரோல் கணக்கில்தான், உள்ளே என்ன காசு என்ற கணக்கு கிடையாது. உதாரணத்துக்கு என் பத்து சென்ட்டையே எடுத்துக்கொள்வோம். பென்னி ரோலின் மதிப்பே 50 சென்ட், அதில் ஐந்தில் ஒரு பங்கு கூலிக்குப் போகிறது. நிக்கல் (ஐந்து சென்ட்) ரோலில் 40 காசு, 2 டாலர், அங்கே 5 சதவீதம். டைம் (பத்து சென்ட்) ரோல் 5 டாலர், 2 சதவீதம். குவார்ட்டரும் (25 சென்ட்) ஹாஃப் டாலரும் (50 சென்ட்) ரோலுக்கு 10 டாலர், வெறும் 1 சதவீதம்.

அதாவது ஐந்நூறு டாலருக்கு ஹாஃப் டாலர் பெட்டி வாங்கும் வசதிக்காரருக்கும், இருபத்தைந்து டாலருக்குப் பென்னிப் பெட்டி வாங்கும் பள்ளிப் பையனுக்கும் பெட்டிக்கு அதே ஐந்து டாலர். ரோல் கட்டணத்தால் முதலில் கழன்றுகொள்கிறவர்கள் பிள்ளைகளோடு பென்னியில் ஆரம்பிக்கிறவர்கள். எனக்கு இதில்தான் வருத்தம்.

சரி, அப்படியானால் ஹாஃப் டாலருக்குத் தாவிவிடலாமா? சதவீதத்தைப் பார்த்து முடிவெடுப்பதும் ஒரு தவறு. கேட்க வேண்டிய கேள்வி வேறு: எத்தனை பெட்டிக்கு ஒரு வெள்ளி கிடைக்கிறது? 1964 வரை அடித்த டைமில் 90 சதவீதம் வெள்ளி, ஒரு காசில் சுமார் 0.072 அவுன்ஸ். குவார்ட்டரில் 0.18, ஹாஃப் டாலரில் 0.36. ஒரு அவுன்ஸ் வெள்ளி 50 டாலர் என்று வைத்துக்கொண்டால் டைமில் இருப்பது சுமார் 3.60 டாலர். உங்கள் பக்கம் இரண்டு டைம் பெட்டிக்கு ஒரு வெள்ளிதான் வருகிறதென்றால் கட்டணமே பத்து டாலர். பொழுதுபோக்குக்குச் செலவு செய்கிறேன் என்று தெரிந்தே செய்தால் சரி. லாபம் என்று நினைத்துச் செய்தால்தான் சிக்கல்.

ஹாஃப் டாலரில் கணக்கு கொஞ்சம் தளர்வாக இருக்கும். 1965 முதல் 1970 வரையிலானவற்றிலும் 40 சதவீதம் வெள்ளி உண்டு. 1970-ஐச் சேகரிப்பாளர் தொகுப்புக்கு மட்டும்தான் அடித்தார்கள், அது ரோலில் அகப்பட்டால் யாரோ தாத்தாவின் பெட்டியை உடைத்துச் செலவழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 2002 முதல் 2020 வரையிலான ஹாஃப் டாலர்களும் இதே கதைதான், புழக்கத்துக்கென்று வெளியிடப்படாதவை.

ஒரு சின்ன நோட்டுப் போடுங்கள். தேதி, பெட்டி, கட்டணம், கிடைத்தது. மூன்று மாதம் எழுதினால் எந்தக் காசை விட்டுவிட வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

கட்டணப் பட்டியலைப் படிக்காமல் டெல்லரைக் கேட்பது

"ரோலுக்குச் சார்ஜ் உண்டா?" என்று கேட்டால் ஒரு டெல்லர் இல்லை என்பார், இன்னொருவர் தெரியாது என்பார். அவர்கள் மேல் குற்றமில்லை. கட்டணம் கவுண்டரில் வாங்குவதில்லை, கணக்கில் பிடிப்பது. ஒவ்வொரு கணக்கு வகைக்கும் கட்டணப் பட்டியல் என்று ஒன்று தருவார்கள், அதில் கடைசிப் பக்கங்களில் நாணயம் என்று ஒரு வரி இருக்கும். ரோல் வாங்கினால் எவ்வளவு, பெட்டிக்கு எவ்வளவு, உதிரிக் காசைப் போட்டால் எவ்வளவு என்று மூன்றும் தனித்தனியாக இருக்கலாம். மூன்றையும் பாருங்கள்.

முக்கியமாக இந்த வரி தனிநபர் கணக்கைவிட வியாபாரக் கணக்கில்தான் அதிகம் தென்படும். சில நண்பர்கள், வியாபாரக் கணக்கு இருந்தால் பெட்டி எளிதாகக் கிடைக்கும் என்று போய் அதைத் தொடங்குகிறார்கள். பெட்டி கிடைக்கிறது, கூடவே மாதக் கட்டணமும் ரோல் கட்டணமும் வருகின்றன. பொழுதுபோக்குக்கு அது வேண்டாம்.

வங்கி ஏன் கேட்கிறது என்று புரிந்துகொண்டால் கோபம் குறையும். அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் காசை முகமதிப்புக்குத்தான் தருகிறது. ஆனால் அதை எண்ணி, காகிதத்தில் சுற்றி, கிளைக்குக் கொண்டுவருவது கவச வண்டி நிறுவனங்கள். அவர்கள் சும்மா செய்வதில்லை. எடையும் லேசில்லை: குவார்ட்டர் பெட்டி 11 கிலோவைத் தாண்டும், நூறு டாலர் நிக்கல் பெட்டி 10 கிலோ. நாம் வாங்கி, அலசி, அதையே திருப்பிக் கொடுத்தால் அந்தக் காசை வங்கி மறுபடி காசு கொடுத்து அனுப்ப வேண்டும். கிளை மேலாளர் கண்ணில் நாம் இரட்டைச் செலவு. 2020 ஜூனில் காசுத் தட்டுப்பாடு வந்து ஃபெடரல் ரிசர்வ் வங்கிகளுக்கே காசை ரேஷன் போட்டபோது, எங்களைப் போன்றவர்கள்தான் முதலில் வெளியே நின்றோம்.

பெட்டியை மட்டும் கேட்பது

பெட்டி ஆர்டர் செய்தால்தான் கூலி. வேறு வாடிக்கையாளர்கள் வீட்டில் சுற்றிக் கொண்டுவந்து போட்ட ரோல்கள் கிளையிலேயே கிடக்கும். அவற்றுக்கு வங்கி யாருக்கும் எதுவும் கொடுத்திருக்காது. பெரும்பாலும் முகமதிப்புக்கே தந்துவிடுவார்கள், இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பது போனால் சரி என்று.

கேட்கும் விதம் ஒன்று இருக்கிறது. மதியம் கூட்டமில்லாத நேரத்தில் போய், "யாராவது கையால் சுற்றிக் கொடுத்த ரோல் இருக்கிறதா? ஹாஃப் டாலர் உதிரியாக இருந்தாலும் எடுத்துக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். டெல்லர் குனிந்து கீழ் டிராயரைத் திறப்பார். ஓரம் கோணலாக மடித்த, செலோடேப் ஒட்டிய, பென்சிலில் ஏதோ எழுதிய ரோல்கள் வரும். என்னைக் கேட்டால் ஒரு பெட்டியைவிட அப்படிப்பட்ட பத்து ரோல் மேல். எந்திரம் சுற்றிய ரோலில் நகரமே கலந்திருக்கும். கையால் சுற்றியதில் ஒரு வீட்டின் ஜாடி அப்படியே இருக்கும். அந்த ஜாடி எந்த வருடத்திலிருந்து நிரம்பியது என்பதில்தான் அதிர்ஷ்டம்.

போன மாதம் அப்படி ஒரு டைம் ரோல். காகிதத்தை மட்டும் பிரித்து, காசை உதிர்க்காமல் மேஜை விளக்கடியில் படுக்க வைத்து ஓரத்தைப் பார்த்தேன். 1965 முதல் வந்த டைமின் விளிம்பில் செம்புக் கோடு ஓடும், வெள்ளி டைமில் அது இருக்காது, விளிம்பு முழுக்க வெளுப்பாக இருக்கும். வரிசையாக ஓடிய செம்பு நிறத்துக்கு நடுவே இரண்டு வெள்ளைக் கோடு, பக்கத்துப் பக்கத்தில். கட்டணம் பூஜ்யம்.

இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. கையால் சுற்றிய ரோலில் காசு குறையலாம், கனடாக் காசு கலந்திருக்கலாம். எண்ணிப் பார்க்காமல் திருப்பிப் போட்டால் பழி உங்கள் மேல்.

திரும்பக் கொடுக்கும் வழியை யோசிக்காமல் வாங்குவது

வாங்கும்போது கட்டணமில்லை என்று மகிழ்ந்து, திருப்பும்போது மாட்டிக்கொள்வது வழக்கமான கதை. சூப்பர் மார்க்கெட் வாசலில் நிற்கும் காசு எண்ணும் எந்திரம் பணமாகக் கொடுக்கப் பத்து சதவீதத்துக்கு மேலேயே பிடிக்கும். 250 டாலர் டைம் பெட்டியை அதில் கொட்டினால் 25 டாலருக்கு மேல் போச்சு. கிஃப்ட் கார்டாக எடுத்தால் பிடிக்க மாட்டார்கள், ஆனால் எத்தனை கார்டு வாங்குவீர்கள்? உறுப்பினர்களுக்கு இலவசமாக எண்ணித்தரும் கிரெடிட் யூனியன் (உறுப்பினர்களே சொந்தக்காரர்களான கூட்டுறவு வங்கி) பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அது கிடைத்த பிறகு பெட்டி வாங்குங்கள்.

வாங்கிய கிளையிலேயே திருப்பிக் கொடுக்காதீர்கள். அலசிய காசே அடுத்த வாரம் உங்களிடம் வந்து சேரும், டெல்லரின் முகமும் மாறும்.

அப்புறம், பெரிய அளவில் செய்கிறவர்களுக்கு ஒன்று. ஒரே நாளில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் போட்டாலோ எடுத்தாலோ வங்கி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பும். காசும் அதில் ரொக்கம்தான். அறிக்கை போவதால் உங்களுக்கு ஒரு கெடுதலும் இல்லை. அதைத் தவிர்க்கவென்றே தொகையைப் பிரித்துப் பிரித்துப் போடுவதுதான் குற்றம்.

வங்கிக்குப் பயந்து இணைய வியாபாரியிடம் போவது

இதுதான் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒருசேர வருவது. பத்து சென்ட் கட்டணத்தை நொந்துகொண்டு, "யாரும் பார்க்காத பழைய பென்னி ரோல்" என்று இணையத்தில் விற்பதைப் பல டாலர் கொடுத்து வாங்குகிறார்கள். படத்தில் ரோலின் ஒரு முனையில் 1909-க்கு முந்தைய இந்தியன் ஹெட் பென்னி எட்டிப் பார்க்கும். யாரும் பார்க்காத ரோலில் சரியாக முனையில் அந்தக் காசு எப்படி உட்கார்ந்தது? பழைய காகிதம் தனியாகவே விற்கிறது, சுற்றத் தெரிந்தால் போதும்.

ஊருக்கு எடுத்துப்போவதும் உருக்குவதும்

1982-க்கு முன் வந்த பழைய பென்னியில் 95 சதவீதம் செம்பு, எடை 3.11 கிராம். 1982-இல் இரண்டு வகையும் வந்தன. பிறகு வந்தது துத்தநாகம், 2.5 கிராம். அந்தச் செம்பைச் சேர்த்து உருக்கிக் கட்டணத்தை ஈடுகட்டலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பென்னியையும் நிக்கலையும் உருக்குவதற்கு 2006 டிசம்பரிலிருந்தே தடை இருக்கிறது, 10,000 டாலர் வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் உண்டு. விடுமுறைக்குப் போகும்போது அக்கா பிள்ளைகளுக்கு என்று அள்ளிக்கொண்டு போவதற்கும் வரம்பு உண்டு: பென்னியும் நிக்கலும் சேர்த்து 5 டாலர், சேகரிப்புக்கு என்று தெளிவாகத் தெரிந்தால் 25 டாலர்.

வீட்டில் குத்துவிளக்குத் தேய்க்கும் ஞாபகத்தில் கோதுமைப் பென்னியைப் புளி போட்டுத் தேய்த்துவிடவும் வேண்டாம். பளபளக்கும், ஆனால் சேகரிப்பவர் அதைத் தொட மாட்டார்.

கடைசியாக, பென்னி. 2025 நவம்பர் 12-ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவில் புழக்கத்துக்கான கடைசிப் பென்னியை அடித்துவிட்டார்கள். 2024 நிதியாண்டில் ஒரு பென்னி அடிக்க 3.69 சென்ட் செலவானதாம். சுண்டைக்காய்க் கணக்கு அரசாங்கத்துக்கும் தெரிந்திருக்கிறது. உடனே சிலர் கட்டணம் கொடுத்துப் பென்னிப் பெட்டிகளை வாங்கி அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள், நாளைக்கு விலை ஏறும் என்று. வெளியே கிடப்பது பத்தாயிரம் கோடிக்கும் மேல், ஏறுவதற்கு என்ன அவசரம்?

என் நான்காவது பெட்டி இன்னும் பிரிக்காமல் கராஜில் இருக்கிறது. 30 டாலர் கொடுத்து வாங்கிய 25 டாலர். காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்க அதைத்தான் வைத்திருக்கிறேன்.